பழம் வெடிக்கிற ஊர்

எங்கள் பக்கம் சைக்கிளுக்கு மரியாதை கிடையாது சார். தாயில்பட்டியில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் மூன்றே ரகம். டியூஷன் போகிற பையன். தூக்குவாளியை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற பெரியவர். 'சுகர் முந்நூறைத் தாண்டிருச்சு' என்று டாக்டர் மிரட்டியதால் காலையில் மட்டும் மிதிக்கிற மளிகைக்கடைக்காரர். இந்த மூன்றிலும் சேராமல், முப்பது தாண்டிய பி.காம் ஒருவன் சைக்கிளில் போனால் இரண்டு கேள்விகள் வரும். முதலில், "என்ன தம்பி, வண்டி ரிப்பேரா?" இல்லை என்றால் குரலைத் தாழ்த்தி, "வித்துட்டியா?"

சும்மா ஓட்டுகிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. சும்மா சைக்கிள் ஓட்ட வேண்டுமென்றால் ஊருக்குக் கொஞ்சம் நிழல் வேண்டும். நாங்கள் இருப்பது சிவகாசிக்குத் தெற்கே, வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில். கரிசல் மண், சீமைக் கருவேலம், வருடத்தில் பத்து மாதம் வெயில். பாக்கி இரண்டு மாதம் அதைவிடக் கொஞ்சம் சுமாரான வெயில். இந்த வெயிலை நம்பித்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. மழை இல்லாததையே முதலாகப் போட்டு வியாபாரம் செய்த ஊர் உலகத்தில் நிறைய இருக்காது.

(வெளியூர் வாசகர்களுக்கு ஒரு தகவல். எங்கள் பக்கம் 'ஆபீஸ் போறேன்' என்றால் ஃபேனுக்கு அடியில் ஃபைல் பார்க்கப் போகிறார் என்று அர்த்தமில்லை. பட்டாசு ஆலைக்குப் பெயர் 'பயர் ஆபீஸ்'. தீப்பெட்டி செய்கிற இடம் 'தீப்பெட்டி ஆபீஸ்'. அந்தக் கணக்கில் பார்த்தால் மாவட்டத்தில் பாதிப் பேர் ஆபீசர்கள்தான்.)

பிரான்ஸில் அல்சாஸ் என்று ஒரு பிரதேசம். 1953-ல் அங்கே திராட்சைத் தோட்டங்களை ஒட்டி ஓடுகிற கிராமத்து ரோடுகளையெல்லாம் கோத்து, சுமார் 170 கிலோமீட்டருக்கு 'ஒயின் சாலை' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அந்தத் தோட்டங்களுக்கு நடுவில் சைக்கிளுக்கென்றே தனிப் பாதை. மேட்டில் கொடி, பள்ளத்தில் கிராமம், நடுவில் ஹாரன் சத்தமே இல்லாத ரோடு. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் பணம் கட்டி வந்து மிதிக்கிறார்கள். யாரும் அவர்களைப் பார்த்து 'வண்டி ரிப்பேரா' என்று கேட்பதில்லை.

அல்சாஸுக்கு விசா வேண்டும், பாங்கில் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். இரண்டாவது கண்டிஷனிலேயே நான் அவுட். அதனால் போன பொங்கல் லீவுக்குக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனோம். அதற்கு ஒரு குட்டியானை போதும்.

*

எங்கள் ஊருக்கு மேற்கே பார்த்தால் நீலமாக ஒரு மலை தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலை. அதற்கு அந்தப் பக்கம்தான் வருசநாடு, மேகமலை, அதையும் தாண்டினால் கம்பம். காக்கா பறந்தால் பக்கம். காக்காவுக்கு மட்டும்தான் பக்கம். 2021-ல் இந்த மலை முழுவதையும் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்துவிட்டார்கள். மனிதன் போகிற ரோடு கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி கணவாய், தேனி என்று மலையை வலம் வந்துதான் போகும்.

கூட வந்த நண்பன் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் செக்ஷன். சின்னமனூரில் ஒரு கடைக்குக் கடைசி லோடு காலண்டர் போகிறது, அந்தக் குட்டியானையில் தொற்றிக்கொள்ளலாம் என்றான். ஜனவரி பாதி முடிந்த பிறகு எவர் காலண்டர் வாங்குகிறார் என்று கேட்டேன். "அவருக்குத் தை ஒண்ணாந்தேதிதான் மாப்ளே வருஷப் பிறப்பு" என்றான். நல்ல கொள்கை. பதினைந்து நாள் கடனே இல்லாமல் ஓட்டிவிடலாம்.

காலண்டர் கட்டுகளுக்கு மேலே இரண்டு சைக்கிளைப் போட்டுக் கயிறு கட்டினோம். அவனுடையது 21 கியர். என்னுடையது அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிள். அதற்கு ஒரே கியர்தான், கால்.

*

விடிகிற நேரம் சின்னமனூரில் இறங்கினோம். முதல் நாள் சோம்பல் முறிக்கிற ஓட்டம் மட்டும். மார்க்கையன்கோட்டை வழியாகக் குச்சனூர், அங்கிருந்து பாலார்பட்டி. இரண்டு பக்கமும் வயல், தென்னை, கூடவே வாய்க்கால். கரிசல்காட்டுக்காரன் கண்ணுக்கு அந்தப் பச்சை கொஞ்சம் ஓவராகத்தான் தெரியும். யாரோ கலர் டிவியில் நாபைத் திருகிவிட்ட மாதிரி.

பாலார்பட்டிக்குப் போனதற்குக் காரணம் இருக்கிறது. ஜனவரி 15 அன்று அந்த ஊரில் ஓர் இங்கிலீஷ்காரருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். கர்னல் ஜான் பென்னிகுவிக். பிறந்த தேதி 1841 ஜனவரி 15. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய எஞ்சினீயர். அவர் படத்துக்கு மாலை போட்டு, பொங்கப் பானை வைத்து, குலவை போட்டு ஊரே கொண்டாடுகிறது. அந்த ஊரில் அவர் பெயரில் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அவர் செய்தது என்ன? மேற்கே பார்த்து ஓடிக்கொண்டிருந்த ஆற்றைக் கிழக்கே திருப்பினார். மலைக்கு அந்தப் பக்கம் அணை, மலைக்குள்ளே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஒரு சுரங்கம், இந்தப் பக்கம் தண்ணீர். திருவிதாங்கூருடன் 1886-ல் ஒப்பந்தம். 999 வருடக் குத்தகை, ஏக்கருக்கு ஐந்து ரூபாய், 8,000 ஏக்கருக்கு வருடம் நாற்பதாயிரம் ரூபாய். (1970-ல் ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்த்தினார்கள்.) 1887-ல் வேலை ஆரம்பம். நடுவில் வெள்ளம், காலரா, மலேரியா. 1895 அக்டோபரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள்.

பி.காம் புத்தி எங்கே போனாலும் கூடவே வரும். 999 வருடத்தில் இப்போதுதான் நூற்று நாற்பது போயிருக்கிறது. பாக்கி எண்ணூற்றைம்பது வருடத்துக்கு மேல். இவ்வளவு நீண்ட லீஸுக்கு டிப்ரிசியேஷன் போடச் சொல்லியிருந்தால் எங்கள் காலேஜில் ஒருத்தன் பாஸாகியிருக்க மாட்டான்.

*

இரண்டாம் நாள்தான் திராட்சை. உத்தமபாளையத்தில் திண்டுக்கல்–குமுளி மெயின் ரோட்டை விட்டு, கிழக்கே திரும்பினோம். ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி. மலையடிவாரத்தை ஒட்டி, ஒரு பட்டியிலிருந்து அடுத்த பட்டிக்குப் போகிற ஒற்றை ரோடு. மெயின் ரோட்டில் ஐயப்ப பக்தர் வேன்களும் கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற லாரிகளும் ஒன்றையொன்று ஓவர்டேக் செய்துகொண்டிருந்தபோது, இங்கே நாங்கள் ஓவர்டேக் செய்தது ஒரு மாட்டுவண்டியையும் இரண்டு வாத்துக் கூட்டங்களையும் மட்டும்.

அல்சாஸ் படங்களில் திராட்சைக் கொடி இடுப்பு உயரத்துக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும். இங்கே அப்படி இல்லை. தலைக்கு மேலே பந்தல். கல்கால் நட்டு, குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்து, அதன் மேல் கொடியைப் படர விட்டிருக்கிறார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் கல்யாண மண்டபத்துக்குப் பச்சைக் கூரை போட்ட மாதிரி. உள்ளே அரை இருட்டு. கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகக் கறுப்புப் பழம் தொங்குகிறது. இன்னொரு நல்ல சமாச்சாரம், இங்கே மலை சுற்றிலும் நிற்கிறது, தோட்டமும் ரோடும் பள்ளத்தாக்குக்குள் படுத்துக் கிடக்கின்றன. மலையைப் பார்க்கலாம், ஏற வேண்டாம். ஒற்றைக் கியர்காரனுக்கு ஆண்டவன் செய்த சலுகை.

பழத்தின் பெயர் பன்னீர் திராட்சை. சாஸ்திரப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். கொட்டை உண்டு, தோல் கொஞ்சம் கனம், வாயில் போட்டால் நிஜமாகவே பன்னீர் வாசனை. 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாசிக்கில் வருடத்துக்கு ஒரு அறுவடை. கம்பத்தில் கவாத்து செய்து நாலு மாதத்தில் பழம். ஒரு தோட்டத்தில் பறித்துக்கொண்டிருப்பார்கள், பக்கத்துத் தோட்டத்தில் அப்போதுதான் துளிர் வந்திருக்கும். இரண்டு வருடத்தில் ஐந்து அறுவடை எடுக்கிறவர்களும் உண்டு. கொட்டை பிடிக்காதவர்கள் ஓடைப்பட்டிப் பக்கம் போகலாம், அங்கே விதையில்லாத ரகம்.

ரோட்டோரத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் நீலமாக எதையோ கலக்கிக்கொண்டிருந்தார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும். போர்டோ கலவை என்று பெயர். இலையில் விழுகிற அடிச்சாம்பல் நோய்க்கு மருந்து. இதற்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. பிரான்ஸில் போர்டோ பக்கத்தில் ரோட்டில் போகிற வருகிறவர்கள் ஓரக் கொடியிலிருந்து பழத்தைப் பறித்துத் தின்றுவிடுகிறார்கள் என்று, தோட்டக்காரர்கள் அந்தக் கொடிகளில் மட்டும் இந்த நீலத்தைப் பூசி வைத்தார்களாம், பார்த்தாலே விஷம் மாதிரி தெரியட்டும் என்று. கடைசியில் தோட்டம் பூராவும் நோய் வந்தபோது ரோட்டோரக் கொடி மட்டும் நன்றாக நின்றது. மில்லர்டே என்கிற பேராசிரியர் அதைக் கவனித்து, 1885-ல் இதை மருந்தாகவே அறிவித்தார். திருடனுக்குப் போட்ட வேலி நோய்க்கு வேலியானது.

நண்பன் டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ளே, இது நம்ம ஊர்க் கலர்" என்றான். சரிதான். மத்தாப்பிலும் வாணத்திலும் நீலம் வேண்டுமென்றால் தாமிர உப்புதான் போட வேண்டும். அதே தாமிரம் எங்கள் ஊரில் வானத்தில் எரிகிறது, இங்கே இலையில் உட்கார்ந்திருக்கிறது.

*

காமயகவுண்டன்பட்டிக்கு அந்தப் பக்கம், ஒரு தோட்டத்து வாசலில் தண்ணீர் கேட்டோம். பெரியவர் ஒருவர் கையில் கவாத்துக் கத்தரியோடு வந்தார். சொம்பில் தண்ணீரும், கூடவே ஒரு கொத்துப் பழமும் கொடுத்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"தாயில்பட்டிங்கய்யா. சிவகாசிப் பக்கம்."

"வெடி போடுற ஊரா?" என்று சிரித்துவிட்டு வானத்தைப் பார்த்தார். லேசாக மேகம். "மழை வராம இருக்கணும். வந்தா எல்லாம் வெடிச்சுரும்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. எங்கள் ஊரில் மழை வந்தால் வெடிக்காது, அதுதானே தொல்லை! பிறகுதான் விளக்கினார். பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் பழம் தண்ணீரைக் குடித்து உப்பி, தோல் கிழிந்துவிடும். அதற்கு அவர்கள் சொல்கிற வார்த்தைதான் வெடிப்பு. வெடித்த பழத்தில் ஈ வரும், அழுகல் வரும், வியாபாரி வரமாட்டார். நாலு மாத உழைப்பு ஒரு ராத்திரி மழையில் காலி.

எங்கள் கதையை நான் சொன்னேன். மழை பிடித்தால் எங்களுக்கும் வேலை இல்லை. காயப்போட்ட சரக்கு காயாது. அதைவிட, ஈரம் பட்ட அலுமினியப் பவுடர் கலவை தானாகவே சூடேறிப் பிடித்துக்கொள்ளும். எங்கள் பக்கம் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருப்பவர்கள் அப்படியே நிறுத்திவிடுவார்கள். எந்தத் திசையில் புகை, எந்த ஆபீஸ், நம்ம ஆள் இன்றைக்கு வேலைக்குப் போயிருக்கிறாரா? 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கு மேல் செத்துப்போனார்கள். அன்றைக்கு யார் யார் எங்கே இருந்தோம் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பழம் வெடிச்சா காசுதான் போகும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

*

அப்போது அவர் மகன் வந்தார். மதுரையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாராம். பொங்கலுக்கு வந்தவர். நானும் பி.காம் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது, ஜெயிலில் சொந்த ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி.

"நல்ல வேளை வந்தீங்கண்ணே. நான் சொன்னா அப்பா கேக்க மாட்டேங்குறாரு. நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். தோட்டம் ரோட்டை ஒட்டி இருக்கிறது. பிளாட் போடுகிறவர்கள் விலை கேட்டிருக்கிறார்கள். சென்ட் கணக்கில் விலை. விற்று பாங்கில் போட்டால் மாதம் பிறந்தால் வட்டி. மருந்தும் அடிக்க வேண்டாம், வானத்தையும் பார்க்க வேண்டாம்.

எங்களிடம் ஸாம்பிளுக்கு வைத்திருந்த தினசரிக் காலண்டர் ஒன்று இருந்தது. அதில் முடிந்துபோன பதினைந்து தாளையும் கிழித்து, பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். கவாத்துக் கூலி, மருந்து, உரம், கம்பி, சாய்ந்த கல்காலை நிமிர்த்துகிற செலவு, பறிப்புக் கூலி, பெட்டி, வண்டி வாடகை, கமிஷன். வரவுப் பக்கம் பழம் விற்ற காசு. ஒரு அறுவடைக்கு நல்ல விலை, அடுத்ததற்குப் பாதி விலை, ஒன்று மழையில் போனது. கூட்டிக் கழித்துச் சராசரி எடுத்தால், பாங்க் வட்டிதான் ஜெயித்தது. கொஞ்ச வித்தியாசத்தில் இல்லை, நன்றாகவே ஜெயித்தது. கூட்டலை இரண்டு தடவை சரிபார்த்தேன், மாறவில்லை.

மகன் அப்பாவைப் பார்த்தார். அப்பா கத்தரியைப் பார்த்தார்.

"தம்பி, இதுல ஒரு ஐட்டம் விட்டுப்போச்சு" என்றேன்.

"என்னண்ணே?"

"குட்வில்."

அக்கவுண்டன்ஸி படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு கடையை விற்கிறோம். அலமாரிக்கு விலை, சரக்குக்கு விலை. இவற்றுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு சொத்தும் இருக்கிறது. அதற்குத் தனியாக விலை போட வேண்டும். போடாமல் விற்றால் வாங்கினவருக்கு அது இனாம். இந்தத் தோட்டத்தின் குட்வில் தண்ணீர். கிணற்றுப் பாசனம்தான், ஆனால் ஆறு ஓடினால்தான் அந்தக் கிணறு ஊறும். 1895-ல் மலையைக் குடைந்து கொண்டுவந்த ஆறு. பிளாட் போடுகிறவர் ரோட்டு முகப்புக்குக் காசு கொடுக்கிறார். தண்ணீருக்கு ஒரு பைசா கொடுப்பதில்லை. கல்காலைப் பிடுங்கிக் கான்கிரீட் போட்ட பிறகு அந்த நிலத்தில் அந்தக் குட்வில் இருக்கவும் இருக்காது.

மகன் சிரித்தார். "தண்ணிய யாருண்ணே விலைக்கு வாங்குறா?"

"நாங்க வாங்குறோம் தம்பி. குடம் கணக்குல."

இது அவருக்குப் புதுசு. அதனால் மீதியையும் சொன்னேன். எங்கள் ஊர்ப் பக்கம் வைப்பாறு என்று ஓர் ஆறு இருக்கிறது. வருடத்தில் முக்கால்வாசி நாள் மணல். கேரளாவில் மேற்கே ஓடுகிற பம்பையிலும் அச்சன்கோவிலாற்றிலும் உபரியாக இருக்கிற தண்ணீரை மலையைக் குடைந்து இந்த வைப்பாற்றுக்குக் கொண்டுவர ஒரு திட்டம் உண்டு. பம்பை–அச்சன்கோவில்–வைப்பாறு இணைப்பு. கேட்கும்போதே பென்னிகுவிக் வாசனை அடிக்கிறது அல்லவா? தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995-ல் சாத்தியக்கூறு அறிக்கையே கொடுத்துவிட்டது. கேரளா சம்மதிக்கவில்லை. உபரியே கிடையாது, காடு அழியும், குட்டநாடு பாழாகும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். யார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அறிக்கை வந்த வருடம் பிறந்த பையன் இன்றைக்கு எங்கள் ஊரில் பயர் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். உங்கள் ஊருக்கு வந்துவிட்டது, எங்கள் ஊருக்கு வரவில்லை. வந்ததற்கு விலை போடாமல் விற்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

மகன் உடனே மனம் மாறி அப்பா காலில் விழுந்தார் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அப்படி நடக்கவும் இல்லை. "குட்வில்லுக்கு எவ்வளவுண்ணே போடலாம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் படித்த புத்தகத்தில், வழக்கமான லாபத்துக்கு மேலே வருகிற லாபத்தை இத்தனை வருடத்தால் பெருக்கு என்று ஒரு சூத்திரம் உண்டு. பாங்க் வட்டியைக்கூட எட்டாத தோட்டத்தில் மேலே வருகிற லாபம் ஏது? சூத்திரப்படி விடை பூஜ்யம். ஆனால் அந்தத் தண்ணீர் இல்லாத ஊரில் மூன்று தலைமுறையாக மருந்து இடித்துப் பிழைக்கிறோம் என்பதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? அதையே அவரிடம் சொன்னேன். அவர் அந்தப் பதினைந்து தாளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழித்துப் போடவில்லை, அதுவே எனக்குப் போதும்.

பெரியவர் கிளம்பும்போது இன்னும் இரண்டு கொத்தைக் கொண்டுவந்து கேரியரில் கட்டினார். காசு கொடுத்தேன். வாங்கவில்லை. "தண்ணிக் காசு குடுத்து வாங்குற ஊருக்காரங்ககிட்ட நான் காசு வாங்குறதா" என்றார்.

*

மூன்றாம் நாள் சுருளிப்பட்டியிலிருந்து கருநாக்கமுத்தன்பட்டி, கூடலூர் வழியாக லோயர் கேம்ப் வரை போனோம். அங்கே மலைச் சரிவில் நாலு ராட்சதக் குழாய் இறங்குகிறது. மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர் இந்தப் பக்கம் வருகிற வாசல் அதுதான். கீழே மின்சார நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டு, சத்தம் போடாமல் ஆறாகப் போகிறது. பென்னிகுவிக் மணிமண்டபமும் 2013-லிருந்து அங்கேயே இருக்கிறது. குமுளி வரை ஏறலாம் என்றான் 21 கியர். ஒற்றைக் கியர் மண்டபத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டது.

நீங்கள் போவதாக இருந்தால் சில குறிப்புகள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன், ஜூலையில் கேரளாப் பக்கமிருந்து காற்று சீறிக்கொண்டு வரும், எதிர்க்காற்றில் மிதித்தால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். போனில் மேப் போட்டால் அது மெயின் ரோட்டுக்கே இழுக்கும். டீக்கடையில் 'தோட்டத்து ரோடு எது?' என்று கேளுங்கள். மேற்கே பதினெட்டாம் கால்வாய்க் கரையும் அமைதியான பாதைதான், மண் ரோடு, மழை பெய்தால் வேண்டாம். கம்பித்துண்டும் முள்ளும் கிடக்கும், பஞ்சர் சாமான் அவசியம். கேட்காமல் தோட்டத்துக்குள் போகாதீர்கள், பழத்தைக் கழுவாமல் தின்னாதீர்கள். அந்த நீல மருந்து திருடனுக்காகவும் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும். மேகமலை ஏறுகிறவர்களுக்குச் சின்னமனூரிலிருந்து 18 கொண்டைஊசி வளைவு காத்திருக்கிறது. வனத்துறை செக்போஸ்ட் உண்டு, பகலில் போய் பகலில் இறங்கிவிட வேண்டும்.

முக்கியமான குறிப்பு ஒன்று. இந்த ரோடுகள் அமைதியாக இருப்பதற்கு ஒரே காரணம், அவை தோட்டத்துக்குப் போகிற ரோடுகள் என்பதுதான். தோட்டம் பிளாட்டானால் ரோடு அகலமாகும், டிப்பர் லாரி வரும், அப்புறம் சைக்கிளில் போகிறவனைப் பார்த்து அங்கேயும் 'வண்டி ரிப்பேரா' என்று கேட்பார்கள். சீக்கிரம் போய் வந்துவிடுங்கள். போனால் ரோட்டோரத்தில் நேரடியாக ஒரு கிலோ பழம் வாங்குங்கள், பேரம் பேசாமல்.

பேரம் பேசியே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால் எங்கள் ஊருக்கு வாருங்கள். தீபாவளிக்குப் பட்டாசு வாங்கும்போது பேசிக்கொள்ளலாம். நாங்கள் பழகிவிட்டோம்.